விதியா, காரணமா, மாதிரியா: அறிவியல் தத்துவம் படிக்கத் தொடங்குகிறவருக்கு

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்பார்கள். இது நூற்றுக்கு நூறு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மழை பொய்த்த ஊரில் ஒருவர் புற்றைக் கிளறி, முட்டைகளை முறத்தில் அள்ளி, மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறார். மழை வருமா? சிரிப்போம். ஏன் சிரித்தோம் என்று விளக்கச் சொன்னால் மட்டும் கொஞ்சம் திணறுவோம். விதி, காரணம், மாதிரி என்று அறிவியல் தத்துவத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்தத் திணறலைத் தீர்க்கத்தான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, நானும் செய்த தவறு, வரையறையிலிருந்து தொடங்குவது. ‘விதி என்றால் என்ன?’ என்று நோட்டில் தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு வரையறையும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மறுப்பும் இருந்தன. செய்தித்தாளில் வரும் ஓர் அறிவியல் செய்தியை எடைபோட அதில் ஒன்றுகூட உதவவில்லை. ஆகவே வேறு வழி சொல்கிறேன். ஒரே ஒரு கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வரையறைகள் போகிற வழியில் தாமாக வந்து சேரும். வேண்டிய பொருள்கள்: ஒரு நோட்டு, ஒன்றரை மீட்டர் நூல், இரண்டு இரும்பு நட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச்.

சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் இந்த மூன்று சொற்களும் இரட்டை வேலை பார்க்கின்றன. ‘விதி’ என்றால் தலைவிதியும் உண்டு, சாலை விதியும் உண்டு. இயற்கை விதியை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறினால் அபராதமும் இல்லை. ‘காரணம்’ என்பது தீக்குச்சி உரசியதையும் குறிக்கும், தாமதமாக வந்தவன் சொல்லும் சாக்கையும் குறிக்கும். ‘மாதிரி’ என்றால் பரிசோதனைக்கு எடுக்கும் ரத்த மாதிரியும் ஆகும், ஒன்றைப் போலச் செய்து பார்ப்பதும் ஆகும். இங்கே இரண்டாவது பொருளில்தான் பேசுகிறோம். ‘அது மாதிரி’ என்று பேச்சில் சொல்வது இதற்கு மிக நெருக்கமான பொருள்.

முதல் படி: கூற்றை எண்ணோடு எழுதுங்கள்

எடுத்துக்கொள்ளப்போகும் கூற்று 1852-ல் லண்டனில் அச்சானது. இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்த்த வில்லியம் ஃபார் சொன்னது. 1848-49 காலராவில் லண்டனில் எந்தப் பகுதியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு முழுவதும் அவர் மேசையில் இருந்தது. அதை அவர் தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து அந்தப் பகுதியின் உயரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். 10,000 பேருக்கு எத்தனை சாவு என்ற கணக்கு இப்படி வந்தது: 20 அடிக்குக் கீழே 102. அடுத்த 20 அடிக்கு 65. அப்புறம் 34, 27, 22. 100 முதல் 120 அடி வரை உள்ள பகுதிகளில் 17.

கொஞ்சம் நின்று பாருங்கள். 102-ஐ மூன்றால் வகுத்தால் 34. ஐந்தால் வகுத்தால் 20 சொச்சம். ஆறால் வகுத்தால் 17. மேலே ஏற ஏறச் சாவு ஒன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று படிக்கட்டாக இறங்குகிறது. இரண்டாம் படி மட்டும் கொஞ்சம் பிசகுகிறது. அழுகல் வாடை கலந்த கெட்ட காற்றுதான் நோய்க்கு மூலம் என்று அந்தக் காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். ஆற்றங்கரைச் சேற்றுக் காற்று மேலே போகப் போக நீர்த்துப்போகும். கணக்கு அந்த நம்பிக்கையோடு அச்சாகப் பொருந்தியது. இவ்வளவு அழகான எண்கள் கையில் கிடைத்தால் நீங்களும் நானும்கூட விட்டிருக்க மாட்டோம்.

உங்கள் நோட்டில் இப்படி எழுதுங்கள்: ‘உயரம் கூடினால் காலராச் சாவு குறையும்.’ பக்கத்தில் எண்கள். இந்த நிலையில் சரி, தவறு என்று எதுவும் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் படி: விதியா, தற்செயலா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அது ஒரே ஒரு தடவை நடந்தது. ஆயிரம் தடவை நடந்தால்? தவறாமல் எப்போதும் நடந்தால்? ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டில் இதைத்தான் நோண்டினார். அவர் சொன்ன உதாரணம் பில்லியர்ட்ஸ் பந்து. நாம் கேரம் பலகையை வைத்துக்கொள்ளலாம். ஸ்டிரைக்கர் வந்து காயில் படுகிறது, காய் நகர்கிறது. படுவது தெரிகிறது, நகர்வது தெரிகிறது. ‘நகர்த்தியது’ என்பது கண்ணில் பட்டதா? இல்லை, திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கத்தில் மனசு போட்டுக்கொண்ட முடிச்சு என்றார் ஹியூம். அவர் வழியில் போனால் விதி என்பது விதிவிலக்கில்லாத ஒழுங்கு, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல். ‘1 கிலோமீட்டர் அகலமுள்ள தங்க உருண்டை எங்கும் கிடையாது.’ ‘1 கிலோமீட்டர் அகலமுள்ள யுரேனியம்-235 உருண்டை எங்கும் கிடையாது.’ இரண்டு வாக்கியத்துக்கும் விதிவிலக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் முதலாவது ஏதோ அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவு தங்கத்தை யாரும் ஒன்றாக உருட்டவில்லை. இரண்டாவதை உருட்டவே முடியாது. சுமார் 50 கிலோ சேர்ந்த உடனேயே, ஒன்றையடுத்து ஒன்றாக அணுக்கள் பிளக்கும் தொடர்வினை தொடங்கிவிடும். ஒழுங்கு என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான் என்றாலும் ஒன்றை மட்டும்தான் விதியோடு சேர்க்க மனம் வருகிறது.

இதற்கு அமெரிக்கத் தத்துவவாதி நெல்சன் குட்மன் கொடுத்த சோதனையைப் புதியவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். ‘இருந்திருந்தால்’ என்று கேளுங்கள். என் சட்டைப் பையில் இருக்கும் நாணயம் எல்லாம் ஐந்து ரூபாய். உங்கள் கையில் இருக்கும் இரண்டு ரூபாய் என் பையில் இருந்திருந்தால் ஐந்து ரூபாய் ஆகியிருக்குமா? ஆகாது. ஆகவே அது விதியாகாது. உங்கள் கையில் இருக்கும் செம்பு நாணயத்தைச் சூடாக்கியிருந்தால் விரிந்திருக்குமா? விரிந்திருக்கும். அது விதியோடு சேரும்.

ஃபாருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்று அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அதே வேலைக்குப் போய்க்கொண்டு, 100 அடி உயரத்தில் குடியிருந்திருந்தால் தப்பியிருக்குமா? இந்தக் கேள்விக்கு ஃபாரின் அட்டவணையில் பதில் இல்லை. உயரம் மாறும்போது வேறு எதுவெல்லாம் கூடவே மாறுகிறது என்று அது சொல்லவில்லை.

மூன்றாம் படி: நூலும் நட்டும்

படிப்பதை நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள். பத்து நிமிடம்தான். நூலின் ஒரு முனையில் நட்டைக் கட்டி, ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்கும்படி தொங்கவிடுங்கள். ஒரு சாண் தூரம் இழுத்து விடுங்கள். போய்த் திரும்புவதை ஒன்று என்று எண்ணி, 20 வரை எண்ணுங்கள். சுமார் 40 வினாடி ஆகும். இப்போது நூலை 25 சென்டிமீட்டராகச் சுருக்குங்கள். 20 ஆட்டத்துக்கு 20 வினாடி. நீளம் கால்வாசி ஆனால் நேரம் பாதி. இரண்டாவது நட்டையும் சேர்த்துக் கட்டிப் பாருங்கள், நேரத்தில் பெரிய மாற்றம் வராது. முதல் தடவை நான் செய்தபோது ஃபேனை அணைக்க மறந்து நட்டு வட்டமடித்தது. அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று: ‘நூல் 1 மீட்டர், ஆகவே 20 ஆட்டத்துக்கு 40 வினாடி.’ இரண்டு: ‘20 ஆட்டத்துக்கு 40 வினாடி, ஆகவே நூல் 1 மீட்டர்.’ கணக்காக இரண்டும் பிழையற்றவை. ஒரே விதியிலிருந்து இரண்டையும் வருவிக்கலாம். ஆனால் ‘ஏன் 40 வினாடி?’ என்பதற்கு ‘நூல் 1 மீட்டர்’ என்றால் பதில். ‘ஏன் நூல் 1 மீட்டர்?’ என்பதற்கு ‘40 வினாடி ஆகிறதே’ என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் கத்தரிக்கோலால் அப்படி வெட்டினேன், அதுதான் பதில்.

இந்தச் சின்ன விஷயம் 20-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய கோட்பாட்டை ஆட்டிவைத்தது. 1948-ல் தத்துவவாதிகளான கார்ல் ஹெம்பலும் பால் ஓப்பன்ஹைமும் விளக்கம் என்றால் என்ன என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள்: விதியையும் சூழ்நிலை விவரத்தையும் வைத்து, நடந்ததைத் தர்க்கமாக வருவித்துக் காட்டினால் அதுவே விளக்கம். கேட்க நன்றாக இருந்தது. கொடிக்கம்பத்தின் உயரத்தை வைத்து நிழலின் நீளத்தையும் வருவிக்கலாம், நிழலை வைத்துக் கம்பத்தையும் வருவிக்கலாமே, நிழலா கம்பத்தை விளக்குகிறது என்ற கேள்வி வந்ததும் சிக்கிக்கொண்டது. நம் பழைய அளவை (தர்க்க) நூல்களைப் புரட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல’ என்ற வாதத்தில் புகை என்பது நெருப்பை அறிவதற்கான ஏது. நெருப்பை உண்டாக்கியது புகை என்று யாரும் சொன்னதில்லை. அறிவதற்கு உதவுவது வேறு, உண்டாக்குவது வேறு. இன்றும் பல ஆய்வுச் செய்திகள் இந்த இரண்டையும் குழப்புகின்றன.

எது எதை உண்டாக்கியது என்று காட்டும் அம்புக்குறி சமன்பாட்டில் கிடையாது என்பதையும் கவனியுங்கள். தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் இதைப் பிடித்துக்கொண்டு, 1912-13-ல் எழுதிய கட்டுரையில் ‘காரணம்’ என்ற கருத்தையே முடியாட்சி போலக் காலம் கடந்த மிச்சம் என்று கேலி செய்தார். ரசித்துப் படிக்க வேண்டிய கட்டுரை. ஆனால் ஊரில் காலரா வரும்போது எந்தக் குழாயை மூடுவது என்று அவரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

நான்காம் படி: கையை வைத்து மாற்றினால் என்ன ஆகும்?

எறும்பு முட்டையைப் பார்த்து ஏன் சிரித்தோம் என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது. எறும்பையும் மழையையும் காற்றின் ஈரமோ வேறெதுவோ சேர்ந்து இயக்குகிறது. நாமே முட்டையை நகர்த்தினால் அந்த இணைப்பு அறுந்துபோகும். ஒன்றை நாம் தனியாக நகர்த்தும்போது மற்றதும் நகர்ந்தால்தான் காரணம் என்று பேசலாம்.

லண்டனில் இதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலரா குடிதண்ணீரில் பரவுகிறது என்று 1849-லேயே எழுதியிருந்தார். மயக்க மருந்தில்தான் அவருக்குப் பேர். 1853-ல் விக்டோரியா அரசிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் அவர்தான். தெற்கு லண்டனின் ஒரு பெரும்பகுதியில் இரண்டு கம்பெனிகள் போட்டிபோட்டுத் தண்ணீர் விற்றன. ஒரே தெருவில், அடுத்தடுத்த வீட்டுக்கு, இரண்டு கம்பெனிக் குழாயும் போயிற்று. 1849-ல் இரண்டுமே லண்டன் சாக்கடை கலந்த தேம்ஸ் தண்ணீரைத்தான் எடுத்தன. தண்ணீர் எடுக்கும் இடத்தை 1855-க்குள் ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியாக வேண்டும் என்று 1852-ல் சட்டம் வந்தது. லாம்பெத் கம்பெனி அந்த வருஷமே மாற்றிவிட்டது. சதர்க் அண்டு வாக்ஸால் கம்பெனி மாற்றவில்லை. 1854-ல் காலரா திரும்பி வந்தது.

பணக்காரர், ஏழை, ஆண், பெண் என்று சுமார் 3 லட்சம் பேர், தாங்கள் கேட்காமலே, இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். உயரம் ஒன்று, காற்று ஒன்று, தெரு ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு.

சாவு விழுந்த வீடுகளின் முகவரிகள் ஃபாரின் அலுவலகத்திலிருந்து வந்தன. ஸ்னோ அந்த வீடுகளுக்கு நடந்தார். ‘உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர்?’ என்று கேட்டால் பல வீட்டில் தெரியவில்லை, தண்ணீர் வரியை வீட்டுக்காரர் கட்டுகிறார். ஸ்னோ ஒரு வழி கண்டுபிடித்தார். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பது. உப்பு இருந்தால் தண்ணீர் வெள்ளையாகத் திரியும். கடல் ஓதம் எட்டும் இடத்திலிருந்து சதர்க் அண்டு வாக்ஸால் எடுத்த தண்ணீரில் லாம்பெத் தண்ணீரைவிடச் சுமார் 40 மடங்கு உப்பு இருந்தது, ஆகவே பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு வந்தது. சதர்க் அண்டு வாக்ஸால்: 40,046 வீடு, 1,263 சாவு. லாம்பெத்: 26,107 வீடு, 98 சாவு. 10,000 வீட்டுக்கு 315, எதிர்ப்பக்கம் 37.

இதே ஸ்னோவின் பேரில் பிரபலமாக இருப்பது வேறு கதை. லண்டன் பிராட் தெருவில் மக்கள் குடிதண்ணீர் அடித்த பம்பின் கைப்பிடியை 1854 செப்டம்பர் 8-ஆம் தேதி கழற்றினார்கள், காலரா நின்றது என்பார்கள். புதியவர்கள் இதை உதாரணமாக எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவு இறங்கத் தொடங்கிவிட்டது, பலர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். இதை ஸ்னோவே ஒத்துக்கொண்டு எழுதினார். கதையாக அது அழகு. சான்றாக அந்த இரண்டு குழாய்தான் கனம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ‘காரணம் என்றால் அது வந்தால் விளைவு வந்தே தீர வேண்டாமா? அழுக்குத் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோரும் சாகவில்லையே?’ 1892-ல் மியூனிக் நகரில், 73 வயது சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், காலராக் கிருமி மட்டும் போதாது என்று காட்டுவதற்காகக் கிருமி வளர்த்த திரவத்தைச் சாட்சிகள் முன்னால் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவர் தப்பியதால் கிருமி காரணமில்லை என்றாகிவிடாது. வீடு தீப்பிடித்ததற்கு மின்கசிவு காரணம் என்கிறோம். பக்கத்தில் துணி கிடக்க வேண்டும், காற்று வேண்டும், அணைக்க ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். மின்கசிவு தனியாகப் போதாது. வேறு வழியிலும் வீடு எரியலாம், ஆகவே கட்டாயத் தேவையும் இல்லை. ஆனால் அன்று அந்தக் கூட்டுச் சேர்க்கையில் அதை எடுத்துவிட்டால் தீ இல்லை. தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1965-ல் காரணத்துக்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்.

ஐந்தாம் படி: எதை விட்டுவிட்டார்கள்?

நூலுக்குத் திரும்புங்கள். 1 மீட்டர் நூல்தான். இந்தத் தடவை நட்டைச் சாய்வாக, 60 பாகை அளவுக்கு உயர்த்தி விடுங்கள். 20 ஆட்டம் எண்ணினால் 40-ஐத் தாண்டி ஓரிரு வினாடி கூடும். விதி உடைந்ததா? பள்ளியில் படித்த சூத்திரம் சிறிய ஆட்டத்துக்கு மட்டும். நூலுக்கு எடை இல்லை, நட்டு ஒரு புள்ளி, காற்று தடுக்காது என்பதெல்லாம் அதற்குள் சொல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஊசல் உலகத்தில் எங்கும் இல்லை. ஊசல் மாதிரி ஒன்றைப் பற்றித்தான் அந்தச் சூத்திரம் பேசுகிறது. இயற்பியலின் அடிப்படை விதிகளே இப்படித்தான், உலகத்தைப் பற்றி நேராகச் சொல்வதாக எடுத்துக்கொண்டால் அவை பொய் என்று தத்துவவாதி நான்சி கார்ட்ரைட் 1983-ல் வாதாடினார். எனக்கு அந்த அளவுக்குப் போக மனசில்லை. ஆனால் எதை விட்டால் கணக்கு கெடாது என்று தெரிந்து விடுவதுதான் மாதிரி செய்கிறவரின் கைத்திறன் என்பதில் அவரோடு உடன்படுகிறேன்.

தொற்றுநோய்க்கு வருவோம். இப்போதும் உலகம் முழுக்கப் புழங்கும் மூன்று பெட்டி மாதிரியை 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதினார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், இமாசலத்துக் கசௌலியில் வேலை பார்த்தவர். நோய் வரக்கூடியவர், நோய் உள்ளவர், நோயிலிருந்து வெளியேறியவர் என்று மூன்று பெட்டி. எல்லோரும் எல்லோரோடும் ஒரே அளவில் பழகுகிறார்கள் என்று ஓர் அனுமானம். இதைப் பம்பாயில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாரவாரம் பிளேக்கில் விழுந்த சாவுகளோடு ஒப்பிட்டார்கள். சூத்திரப்படி 17-ஆவது வாரம் உச்சம், வாரத்துக்கு 890. வளைகோடு புள்ளிகள்மேல் நன்றாகவே உட்கார்ந்தது.

ஆனால் பம்பாயில் மனிதரிடமிருந்து மனிதருக்கா பிளேக் பரவியது? எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் 1898-லேயே கராச்சியில் சோதித்துக் காட்டிவிட்டார். மனிதர்களிடம் தெரிவது எலிகளிடம் நடப்பதன் எதிரொலி என்று அந்த இருவரும் தங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களின் பெட்டிகளில் எலி இல்லை. இருந்தும் கோடு பொருந்தியது. ஃபாரின் படிக்கட்டும் பொருந்தியதுதானே.

அப்படியானால் அந்த மாதிரி வீணா? அதை வைத்து அவர்கள் சொல்ல வந்தது, நோய் வரக்கூடியவர்கள் எல்லோரும் தீர்வதற்கு முன்பே, அவர்கள் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியதும் தொற்று தானாக அடங்கத் தொடங்கும் என்பது. அந்த ஒரு கேள்விக்கு எலியை விட்டது பெரிய குற்றமில்லை. பம்பாயில் பிளேக்கை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்கு எலியை விட்டால் எல்லாம் போயிற்று. ஆகவே ஒரு மாதிரியைப் பார்த்ததும் ‘இது உண்மையா?’ என்று கேட்காதீர்கள். ‘எந்தக் கேள்விக்காக, எதை விட்டார்கள்?’ என்று கேளுங்கள்.

நோட்டை முடிக்க

உங்கள் நோட்டில் ஃபாரின் வாக்கியத்துக்குக் கீழே மூன்று வரி விடுங்கள். இருந்திருந்தால் சோதனையில் என்ன ஆயிற்று, யாராவது தனியாக மாற்றிப் பார்த்தார்களா, எதை விட்டார்கள். நிரப்புங்கள். அதன்பின் இன்றைய செய்தித்தாளில் ஒரு வாக்கியம். காபி, தூக்கம், செல்போன், எதுவானாலும் சரி. முதல் வாரம் இரண்டாவது வரி பெரும்பாலும் காலியாகவே நிற்கும். நிற்கட்டும், காலி என்று எழுதி வையுங்கள்.

ஃபார் தன் படிக்கட்டைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1866-ல் கிழக்கு லண்டனில் காலரா வெடித்தபோது ஸ்னோ இறந்து 8 வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தடவை ஃபார் உயரத்தைத் தேடாமல், சாவு விழும் வீடுகளுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று பார்த்தார். கோடு நேராக ஒரே கம்பெனியிடம், ஓல்டு ஃபோர்டில் திறந்து கிடந்த அதன் நீர்த்தேக்கத்திடம் போய் நின்றது. வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூட விடவில்லை என்றது கம்பெனி. வாடிக்கையாளர் இருவர் வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்தது.